தெளிவாகக் கேட்ட வார்த்தை

மழைக்கு ஒதுங்கத்தான் அவள் அந்த ஸ்டூடியோ வாசலில் ஏறினாள். அதே நேரம் பார்த்து அவன் கேமரா ஸ்டாண்டோடு வெளியே வர... டமால்! தங்கையின் கல்யாண வீடியோவுக்காக அவள் பார்த்துப் பார்த்து எழுதிய நாலு பக்கப் பட்டியல் மழைத் தண்ணீரில் மிதந்தது.

"கண்ணு என்ன முதுகிலயா இருக்கு?"

"முன்னாடிதாங்க இருக்கு... அதான் பிரச்சினையே. உங்களைப் பார்த்துட்டேன், படியைப் பார்க்கலை."

குனிந்து காகிதங்களைப் பொறுக்கியவன் வாய்விட்டுப் படித்தான். "'சித்தப்பா சாப்பிடும்போது எடுக்கக் கூடாது. ரெண்டு மாமாவையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தக் கூடாது.' அடேங்கப்பா! இது கல்யாணமா, போரா டைரக்டரம்மா?"

கோபமாக நிமிர்ந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன கண்கள் அவை... மழையில் நனைந்தும் குறும்பு குறையாத கண்கள்! வேறொரு ஸ்டூடியோவுக்குக் கிளம்பியவள், அவனிடமே வேலையை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பினாள்.

அடுத்த இரண்டு வாரமும் திட்டம் போடுகிறோம் என்ற பேரில் பேச்சுதான். வாசலில் ஒரு கேமரா, மேடைக்கு இரண்டு என்று அவன் கட்டம் கட்டமாக வரைவான்.

"மணப்பொண்ணு அழுவாங்களா?"

"அவ சிரிப்பா. நான்தான் அழுவேன்."

"அப்ப ஒரு கேமரா உங்களுக்குன்னே வச்சுடுறேன்."

அன்று அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு, பெண் வீட்டார் பேசுவதைப் பதிவு செய்ய வீட்டுக்கு வந்தான். சத்தம் சரிபார்க்க அவள் காலரில் ஒயரில்லாத குட்டி மைக்கைக் குத்திவிட்டு, ஹாலில் ஹெட்போனோடு உட்கார்ந்தான். அவள் உள்ளறைக்குப் போனதுதான் தாமதம், அத்தை பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, வீடியோக்காரர் வந்தாலே உன் மூஞ்சியில லைட்டு எரியுது?"

சுற்றியிருந்த சொந்தமெல்லாம் கொல்லென்று சிரித்தது. அத்தை சொன்னது அத்தனையும் நிஜம். ஆனால் பாழாய்ப்போன ரோஷம் முந்திக்கொண்டது.

"போங்கத்தை! பேங்க்ல ஆபீசரா இருக்கிற நான், மண்டபம் மண்டபமா கேமராவைத் தூக்கிட்டு அலையுறவரையா கட்டிக்குவேன்? ஏதோ சிரிச்சுப் பேசுறாரேன்னு பேசினேன்."

சொன்ன பிறகுதான் காலரைப் பார்த்தாள். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஹாலுக்கு ஓடினாள். அவன் நிதானமாக ஹெட்போன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ச... சத்தம் வந்துச்சா?"

"தெளிவா கேட்டுது, மேடம்."

மேடம்! அந்த ஒரு வார்த்தை அவளை எங்கோ தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

கல்யாணத்தன்று பட்டியலில் இருந்த எதையும் அவன் விடவில்லை. அவள் அழுதபோது மட்டும் ஒரு கேமராவும் அவள் பக்கம் திரும்பவில்லை.

மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். என்ன குறைந்துவிடும்? அவரே வந்து சண்டை போடட்டுமே என்று வீம்பாக இருந்தாள். ஒரு வாரம் ஒரு மாசமாயிற்று, நாற்பது நாளாயிற்று. வீடியோ தயார் என்று ஸ்டூடியோவிலிருந்து தகவல் வந்த புதன்கிழமை, அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடினாள்.

அங்கே யாரோ ஒரு கல்யாண ஜோடி, அம்மா அப்பாவோடு உட்கார்ந்திருந்தது. இருந்தால் இருக்கட்டும். நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை நாலு பேர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்ங்க. வெட்கத்துல, திமிர்ல சொல்லிட்டேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவன் அவளை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனான். கண்களில் குறும்பு இல்லை, கோபமும் இல்லை.

"எனக்கும்தாங்க... முதல் நாள்லேர்ந்தே. வீட்டுல அம்மா ஒரு இடம் பார்த்து வச்சுட்டு என் பதிலுக்குக் காத்திருந்தாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு ஒரு மாசத்துக்கும் மேல அவங்களை இழுத்தடிச்சேன். போன வெள்ளிக்கிழமைதான் சரின்னு சொன்னேன். அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்துட்டு இனிமே மாத்த முடியாதுங்க."

வெள்ளிக்கிழமை... ஐந்தே நாள்! வியாழக்கிழமை வந்திருந்தால்கூடப் போதும். அன்றும் அவள் இந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போனாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.