வெயிலுக்கு ஒதுங்கும் தோல்

சன்னலில் ஒட்டியிருந்த செய்தித்தாள் ஒரு மூலையில் விட்டுப்போய், அதன் வழியே விரலகல வெயில் சமையல்கட்டு வரை நீண்டு கிடந்தது. தோசைக்கல்லை எடுக்கப் போன சத்யப்ரியா அதைக் கடந்தபோது அவளுடைய இடது கன்னம் நகர்ந்தது.

துடிப்பு இல்லை. கண் துடிப்பதும் உதடு துடிப்பதும் அவளுக்குத் தெரியாதா? இது வேறு. உப்புப் பட்ட நத்தை மாதிரி, சதையை விட்டுவிட்டுத் தோல் மட்டும் சுருங்கிக் காதுப் பக்கமாக ஒதுங்கியது. வெயிலைத் தாண்டியதும் மெல்லத் திரும்பி வந்து பழைய இடத்தில் படிந்தது. போகும்போதும் வரும்போதும் குழைந்த சோற்றைப் பிசைகிற சத்தம்.

எல்லாம் கன்னத்தில் கருப்பாகப் படர்ந்திருந்த மங்கால் வந்த வினை. ராயக்கோட்டையிலிருந்து பெண் பார்க்க வந்த பிரதாப்பின் அம்மா காவேரி, பஜ்ஜியை மென்றுகொண்டே, “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கறா. அந்தக் கருப்பு மட்டும் இல்லாம இருந்தா…” என்று இழுத்தாள். அந்த இழுப்பிலேயே சத்யப்ரியாவின் அம்மா தங்கமணிக்குத் தூக்கம் போய்விட்டது. ஏற்கெனவே வந்த இடங்கள் தட்டிப்போயிருந்தன. சத்யப்ரியாவுக்கோ பிரதாப்பை ரொம்பவே பிடித்துப்போயிருந்தது. ஓசூரிலேயே ஒரு கிளினிக்கில் லேசர் வைத்துக்கொண்டாள். தன் கன்னம் கருகுகிற வாசனையைத் தானே முகர்ந்துகொண்டு படுத்திருந்தவளிடம் டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: ஆறுகிறவரை வெயில் படக்கூடாது, சன்ஸ்கிரீன் இல்லாமல் இருக்கக்கூடாது.

கேட்டாள். துப்பட்டாவை இரண்டு சுற்றுச் சுற்றி, தொப்பி வைத்து, கம்பெனி பஸ்ஸில் நிழல் விழும் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தாள். வெளியே அவ்வளவு கவனமாக இருந்தவள் கோட்டை விட்டது கம்பெனிக்குள்ளேதான்.

செல்போன் கேமராவுக்குக் கண்ணாடி ஒட்டுகிற அந்தக் கூடத்தில் ஒரு துகள் தூசு ஆகாது. பவுடர், பொட்டு, கிரீம் எல்லாவற்றையும் வாசலிலேயே ஈரத்தாளால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தாளைக் கையில் பிடித்துத் தயங்கி நின்றவளைப் பார்த்து, கூட வேலை செய்யும் தமிழ்செல்வி சிரித்தாள்.

“உள்ள ஏதுடி வெய்யிலு? ஜன்னலே கெடையாது. தொடச்சுட்டு வா.”

துடைத்தாள். பசையை இறுக வைக்கிற ஊதா விளக்கின் எதிரே ஷிப்ட் முழுக்க உட்கார்ந்தாள். வேலை வேகமாக ஓடட்டும் என்று யாரோ என்றைக்கோ கழற்றிப் போட்ட தடுப்புக் கண்ணாடி மறுபடி மாட்டப்படவே இல்லை. மாஸ்க்குக்கு மேலே அவளுடைய பச்சைப் புண் அந்த வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டே இருந்தது. வெயிலில் எது சுடுகிறதோ அதுதான் இந்த விளக்கிலும் சுடுகிறது என்று அவளுக்கு உறைத்தபோது, கன்னம் நீர் கோத்துத் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டியிருந்தது.

லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே கிடந்தாள். பொருக்கு தலையணையில் உதிர்ந்தது. அதற்கு எறும்பு வந்தது, ஒரு துணுக்கைத் தொட்டுவிட்டு வந்த வழியே திரும்பிப் போனது. அடியிலிருந்து வந்த தோல், உரித்த முட்டை மாதிரி இருந்தது. மங்கு இல்லை. பூனைமுடி இல்லை. வியர்வைத் துளைகூட இல்லை. கன்னத்தில் தொடங்கி நெற்றிக்கும் கழுத்துக்கும் அதுவே பரவியது. தங்கமணி திருஷ்டி கழித்துவிட்டு, “கண்ணாடியாட்டம் இருக்குது கண்ணு!” என்று பூரித்துப்போனாள். தொட்டால் சில்லென்று இருந்ததையும், புளித்த மாவு நாற்றம் அடித்ததையும் சத்யப்ரியா சொல்லவில்லை.

இப்போது அது நகரவும் செய்கிறது. கிளினிக்குக்குப் போன் போட்டால், “இழுக்கற மாதிரி இருக்கறது நார்மல்தான் மேடம், வெயில்ல மட்டும் போகாதீங்க” என்றாள் அங்கிருந்த பெண். அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள்.

“நாளைக்குப் பூ வெக்க வராங்க. இன்னிக்குப் போயி கன்னம் நவுருதுங்கற. கம்முனு இருடி.”

மறுநாள் விடிந்ததும் மூன்று தரம் சன்ஸ்கிரீன் பூசினாள். பூசப் பூச அந்தத் தோல் குடித்தது. குடித்துவிட்டு அமைதியாகக் கிடந்தது. வெயில் ஏறுவதற்குள் பூ வைத்துவிட்டால் போதும் என்று சாமியை வேண்டிக்கொண்டு இருட்டு அறையில் பட்டுப்புடவையோடு காத்திருந்தாள்.

வழியில் சானமாவுக் காட்டில் யானைக்கூட்டம் ரோட்டைத் தாண்டுகிறது என்று வண்டிகளை நிறுத்திவிட்டார்களாம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியபோது வாசலெல்லாம் வெயில்.

“உள்ள என்னா இம்மாம் இருட்டு?” என்றாள் காவேரி. “பொண்ண வாசல்ல கெழக்க பாத்து ஒக்கார வைங்க. மொகத்தப் பாக்க வேணாமா?”

“இங்கயே இருக்கட்டும் அத்தை,” என்றாள் சத்யப்ரியா. யாருக்கும் கேட்கவில்லை. அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

நாற்காலி. எதிரே வெயில். கொஞ்சம் தள்ளி பிரதாப், செல்போனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தபடி.

நெற்றியில் முதல் அசைவு.

அவள் குனிந்தாள். “நிமிரு கண்ணு,” என்று தாடையை யாரோ தூக்கிவிட்டார்கள்.

தோல் விழித்துக்கொண்டது. நெற்றியிலிருந்து இறங்கியது. கழுத்திலிருந்து ஏறியது. காதுமடல்வரை போய்த் தடவிப் பார்த்தது. மூக்குத் துளையில் நுழையப் பார்த்தது. இடம் போதவில்லை. அதற்கு இருட்டு வேண்டும். பெரிய இருட்டு.

பல்லைக் கடித்தாள். உதடும் தோல்தானே, அது தானாகத் திறந்துகொண்டது. பற்களை நெம்பியது. சில்லென்று, புளிப்பாக, கொழகொழவென்று நாக்கின்மேல் ஊர்ந்தது. மடிந்து மடிந்து உள்ளே போனது. கத்த இடமில்லை. விழுங்கினாள். விழுங்க விழுங்க வந்தது.

பிரதாப்பின் கையிலிருந்து செல்போன் விழுந்தது. கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தாள் சத்யப்ரியா. மூட இமை இல்லை.

தட்டைப் பார்த்துக் குங்குமத்தைக் குழைத்துக்கொண்டிருந்த காவேரி, தலை நிமிராமலே பெருவிரலை நீட்டி நெற்றியில் வைத்து அழுத்தினாள். விரல் ஈரத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கியது.