துயில்கூட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆள்

வேலைக்கு வந்ததும் நர்ஸ் பிலோமினா செய்யும் முதல் காரியம், துயில்கூட்டின் கண்ணாடி மூடியைத் துடைப்பது. கடலைத் தள்ளிக் கட்டிய புதுத் தூத்துக்குடியில், அந்த மருத்துவமனையின் குழந்தைகள் அவசரப் பிரிவு எப்போதும் அமைதியாகத்தான் இருக்கும்.

அமைதி என்றால் சட்டம் போட்ட அமைதி. பிள்ளை அழுதால், சுவரில் பொருத்திய ஒட்டுக்கேட்கும் கருவியான சுவர்ச்செவி அதைச் சித்திரவதை என்று பதிந்து நர்ஸின் உரிமத்தை ரத்துசெய்துவிடும். ஆகவே மூக்கில் பாசிமணி சிக்கினாலும், காலில் முள் தைத்தாலும் கூட்டுக்குள் படுக்கவைத்துத் தூங்கவைத்துவிடுவார்கள். உரிமம் உள்ள நர்ஸ் விரல்ரேகை வைத்தால்தான் மயக்கக்காற்று வரும். அதன்பின் கூடே பார்த்துக்கொள்ளுமாம். நர்ஸ் அடுத்த அறைக்கு ஓட வேண்டும்.

போன வாரம் உள்ளே ஒரு பையனின் உதடு நீலமாகிவிட்டது. கூடு பச்சை விளக்கையே காட்டிக்கொண்டிருந்தது. மறந்துவைத்த கத்தரிக்கோலை எடுக்கத் திரும்பி வந்த பிலோமினாவின் கண்ணில் பட்டதால் பிழைத்தான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை விழிக்கும்வரை பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்று நர்ஸுகள் எல்லோரும் கேட்டார்கள். நிர்வாகம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

இன்று மோவாய் கிழிந்த ஒரு சிறுமியை அவள் அப்பா தூக்கி வந்தார்.

"விரலை வைம்மா," என்றார் கண்காணிப்பாளர் கஜேந்திரன்.

"ஆள் நிப்பாட்டுங்க சார், வைக்கேன்."

"ஆளுக்கு எங்க போக?"

"அப்ப வைக்க மாட்டேன்."

சிறுமியை அப்பாவின் மடியில் உட்காரவைத்து, மரத்துப்போகும் மருந்தைத் தடவி, பிலோமினா தானே தையல் போட்டாள். வலியைவிடப் பயத்தில்தான் பிள்ளை வீறிட்டது. சுவர்ச்செவி அலறியது. தையல் முடிவதற்குள் பிலோமினாவின் உரிமம் ரத்தாகிவிட்டது.

"வெளிய போங்க," என்றார் கஜேந்திரன்.

அதற்குள் கை முறிந்த சிறுவன் ஒருவன் வந்துவிட்டான். எலும்பை நேராக்க மயக்கம் கொடுத்தே ஆக வேண்டும். கஜேந்திரன் இன்னொரு நர்ஸான பஷீராவை அழைத்தார். பஷீரா வந்தாள்; கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பக்கத்துல ஆள் நின்னா வைக்கேன் சார். இப்பத்தான ஒருத்திய வேலையில்லாமச் சும்மா ஆக்கிருக்கீங்க, அவ நிக்கட்டும்."

"அவளுக்கு லைசென்ஸ் கிடையாது!"

"பிள்ளை மூச்சு விடுதான்னு பாக்க லைசென்ஸ் எதுக்கு சார்?" என்று கேட்டபடியே பிலோமினா கூட்டருகே வந்துவிட்டாள்.

கஜேந்திரன் விலகி வழிவிட்டார். பிலோமினா மூடியின் பக்கத் துளைவழியே கையை விட்டு, கூட்டில் படுத்திருந்த சிறுவனின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள்.

"இப்ப வை, பஷீரா."