கன்றுக்குட்டியின் தொட்டி

“திருடப் போற ஊட்டு நாய்க்குத் திருடன் எதுக்கும்மா பிஸ்கட் போடுறான்?” என்று மகள் பிரவீனா ஒருமுறை கேட்டாள். “குரைக்காம இருக்கத்தான் சாமி” என்று சொல்லி வைத்தாள் சப்-இன்ஸ்பெக்டர் நர்மதா.

மாலை மூன்று மணி. ராசிபுரத்தை அடுத்த சின்னுசாமியின் காடு. சூரிய ஒளிப் பலகைகளால் ஓடும் மோட்டாரின் கண்ட்ரோலர் பெட்டியைக் காணோம். வயர்கள் அறுபட்டுத் தொங்கின. சின்னுசாமியும் மனைவி ஆத்தாயியும் விடியலில் கிளம்பி, அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள்.

“இப்பத்தான் வெங்காயம் நட்டோமுங்க மேடம். நாளைக்குத் தண்ணி பாயலைன்னா அத்தனையும் கருகிப்போயிருமுங்க,” என்றார் சின்னுசாமி.

பக்கத்துக் காட்டு ராசாத்தி முகத்தைச் சுளித்தாள். “வெயிலே இவிங்களுக்குப் பண்ணைய வேலைக்கு வந்துச்சு. கண்ணு படாம இருக்குமா?”

நர்மதா சுற்றியிருந்த வீடுகளையெல்லாம் விசாரித்தாள். கடைசியாகச் சின்னுசாமியின் தம்பி ராசப்பன் வீடு. சூரிய மோட்டார் மானியத்துக்கு அண்ணனோடு சேர்ந்தே மனுப் போட்டவர். அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. வாசலில், ஜவ்வரிசி ஆலையில் மிஞ்சும் மரவள்ளிச் சக்கையான திப்பி வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

“யாரையாச்சும் பாத்தீங்களா?”

“பழைய இரும்பு வாங்குற சின்னான் சுத்திட்டிருந்தானுங்க. அவனப் புடிங்க.”

நர்மதா திரும்பி வந்தாள். வேப்பமரத்தடியில் கன்றுக்குட்டி கட்டிக்கிடந்தது. பக்கத்தில் தொட்டி நிறையத் தண்ணீர்.

“இதுக்குத் தண்ணி எங்கிருந்துங்க?”

“மோட்டார் பைப்புலதானுங்க,” என்றாள் ஆத்தாயி. சட்டென்று திகைத்தாள். “ஆனா இன்னைக்கு மோட்டாரே போடலீங்களே! கெளம்பறப்போ தொட்டி காலியாத்தானுங்க கெடந்துச்சு.”

நர்மதா தொட்டிக்குள் கையை விட்டாள். அடியிலிருந்து வெள்ளைச் சக்கை வந்தது.

“கன்னுக்குத் திப்பி வெப்பீங்களா?”

“புண்ணாக்குத்தானுங்க. திப்பி எங்க ஊட்டுக்கே வாராதுங்க.”

ராசப்பனைத் தனியே, கூட்டத்தின் காதுக்கு எட்டாத தூரத்துக்கு அழைத்துப் போனாள். அவர் அண்ணனை மட்டும் கூட வரச் சொன்னாள்.

“கன்னுக்குட்டி குரைக்காதுங்க. திருட வந்தவன் அதை ஏன் கவனிக்கணும்? மோட்டார் நின்னா தொட்டி நிறையாதுன்னு தெரிஞ்ச ஆளு, வாளியில தண்ணி சுமந்து ஊத்தியிருக்கார். அது திப்பி ஊறவெச்ச வாளி. இங்க சுத்தி எல்லா வாசலையும் பாத்துட்டேன். திப்பி உங்க வாசல்ல மட்டுந்தான் காயுது.”

ராசப்பன் தலை குனிந்தார். “அந்தப் பலகை மின்னுறதப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுமுங்க. பெட்டியக் கழட்டிட்டு நடந்தேன். கன்னு கத்துச்சு. உட்டுட்டுப் போக மனசு வரலீங்க.”

பெட்டி அவர் வீட்டு வைக்கோல் போருக்குள் இருந்தது.

சின்னுசாமி பெட்டியில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டார். பிறகு, “புகாரு வேண்டாமுங்க மேடம்,” என்றார். தம்பியிடம் திரும்பினார். “பைப்ப உன்ற காட்டுக்கும் இழுத்துக்கடா. கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பனே.”

பிறகு, பங்குனிக் காற்று புழுதியை வாரிப் பலகைகள்மேல் இறைத்த நாட்களில், அண்ணன் குடும்பம் தம்மம்பட்டிக்குப் போயிருந்தது. வெயில் ஏறும் முன்பே ராசப்பன் ஏணி சாத்தி ஏறினார். ஈரத்துணியால் ஒவ்வொரு பலகையையும் பூசைப் பாத்திரம்போலத் துடைத்துவிட்டு இறங்கினார்.

ஊர் திரும்பிய ஆத்தாயி அண்ணாந்து பார்த்தாள். “ஏனுங்க, பலகையெல்லாம் பளிச்சுன்னு இருக்குதே. இங்க மழை பேஞ்சிருக்குமோ?”

வரப்புக்கு அந்தப் பக்கம் ராசப்பன் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.