கொசுவின் பக்கம் திறக்கவில்லை

கம்ப்யூட்டர் வகுப்பில் எல்லோருடைய வலைப்பக்கமும் திறந்தது. கொசுவின் பக்கம் மட்டும் அடம்பிடித்தது.

"மிஸ், கொசுவை யாரோ அடிச்சுட்டாங்க!" என்றான் பின்வரிசையிலிருந்து ஒருவன்.

வகுப்பே சிரித்தது. கொசுவும் சிரித்துப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. போன மாதத்திலிருந்து அவள் சிரிப்புக்கு அவ்வளவுதான் தெம்பு.

கொசு என்பது பட்டப்பெயர். ஆள் சின்னவள். பக்கத்தில் இருப்பவள் காதில் ஓயாமல் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்தக் காதுக்குச் சொந்தக்காரி பென்சில். பென்சில் நெடுநெடுவென்று வளர்ந்தவள். முதல் வகுப்பிலிருந்தே இருவருக்கும் ஒரே பெஞ்ச். போன மாதம் பென்சிலுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவள், அங்கேயே இறந்துபோனாள். கொசு இன்னமும் பெஞ்சில் தன் பாதியில் மட்டும்தான் உட்காருகிறாள்.

வருடத் தொடக்கத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து கம்ப்யூட்டர் மிஸ் வகுப்புக்கென்று ஒரு வலைத்தளம் செய்திருந்தார். ஆளுக்கு ஒரு பக்கம். ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக எழுதவில்லை. டெம்ப்ளேட் என்று ஒன்றே ஒன்றைச் செய்தார். அதில் பெயர், வரைந்த படம், பிடித்த நிறம், பெஞ்ச் கூட்டாளி, இன்றைய வருகை என்று காலி இடங்கள் இருக்கும். வகுப்புப் பட்டியலைப் பார்த்து அந்த இடங்களைக் கம்ப்யூட்டரே நிரப்பிக்கொள்ளும். பட்டப்பெயர்தான் வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றதால் மிஸ் அதற்கும் சரி என்றார்.

"எல்லாருக்கும் ஒரே டெம்ப்ளேட்தானே மிஸ்? எனக்கு மட்டும் ஏன் திறக்கல?"

"அதுதான் எனக்கும் புரியல" என்றார் மிஸ். "டெம்ப்ளேட்டை ஒரு நகல் எடுத்துக்கோ. ஒவ்வொரு வரியா மறைச்சுப் பாரு. எதை மறைச்சா திறக்குதோ, அங்கதான் கோளாறு."

கொசு படத்தை மறைத்தாள். திறக்கவில்லை. நிறத்தை மறைத்தாள். ஊஹூம். பெஞ்ச் கூட்டாளி வரியை மறைத்தாள். பக்கம் சட்டென்று திறந்துகொண்டது.

கொசுவின் கை அப்படியே நின்றது.

மிஸ் பட்டியலைத் திறந்து பார்த்தார். மேலிருந்து கீழே வந்தார். மறுபடியும் மேலே போனார். பென்சில் அதில் இல்லை.

"உன் கூட்டாளி யாருன்னு டெம்ப்ளேட் தேடுது. ஆள் கிடைக்கலன்னதும் படுத்துடுது" என்று மெல்லச் சொன்னார். "இப்போதைக்கு வேற யார் பேரையாவது போட்டு வைக்கட்டுமா?"

"வேண்டாம் மிஸ்."

"பக்கம் திறக்கணுமேம்மா."

"திறக்காட்டாப் பரவாயில்ல. அவ பேரை யாரு எடுத்தது?"

கொசுவுக்குக் கோபம் கோபமாக வந்தது. பென்சில்தான் இல்லை. பெயர் என்ன பாவம் செய்தது?

பட்டியலைத் திருத்துவது ஆபீஸ் அண்ணாவின் வேலை. மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு கொசு நேராக அவரிடம் போய் நின்றாள்.

"அண்ணா, பென்சில் பேரை அழிச்சது நீங்களா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நான்தான்மா."

"ஏன் அண்ணா?"

"அவங்க அம்மா தினமும் அவ பக்கத்தைத் திறந்து பார்ப்பாங்களாம். அவ வரைஞ்ச படம் அதுலதானே இருக்கு. ஆனா கீழ சிவப்பு எழுத்துல 'இன்று வரவில்லை'ன்னு வருது. தினமும் வருது. நேத்து போன் பண்ணி, 'இதை மட்டும் நிறுத்த முடியுமா தம்பி'ன்னு கேட்டு அழுதாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பேரையே எடுத்துட்டேன். நல்லது செய்யறதா நெனச்சுதான் செஞ்சேன்."

எடுத்துக்கொண்டு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று கொசுவுக்குத் தெரியவில்லை.

"அப்போ இப்ப ஆன்ட்டி திறந்தா?"

"ஒண்ணும் வராது. காலையில மறுபடியும் போன் வந்துச்சு." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் எடுக்கல."

கொசு திரும்பி நடந்தாள். பெயரை அழித்தால் படமும் போய்விடுகிறது. பெயரைப் போட்டால் அந்தச் சிவப்பு எழுத்து வந்துவிடுகிறது. ஆன்ட்டி கைபேசியைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்ததும் அவள் வகுப்புக்கு ஓடினாள்.

"மிஸ், வருகை வரியைத் தூக்கிடலாமா?"

"மத்த அப்பா அம்மா எல்லாம் அதைத்தானேம்மா பார்க்கறாங்க?"

"அப்ப பென்சிலுக்கு மட்டும் அதைக் கேக்காதேன்னு டெம்ப்ளேட்கிட்ட சொல்ல முடியாதா?"

மிஸ் நிமிர்ந்து பார்த்தார். "சொல்லலாம். டெம்ப்ளேட்ல ஒரு நிபந்தனை போடலாம். ஆனா யாருக்குக் கேக்கக் கூடாதுன்னு அதுக்குத் தெரியணுமே. பட்டியல்ல அவ பேருக்கு நேரா ஏதாவது எழுதணும்."

"என்ன எழுதணும்?"

மிஸ் தட்டச்சு செய்யப் போனார். விரல் எழுத்தின் மேல் நின்றது. அந்த வார்த்தையை அடிக்க அவருக்கு மனம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

கொசு கொஞ்சம் யோசித்தாள். பிறகு பென்சிலின் பெயரை அதே இடத்தில் திரும்பச் சேர்த்து, அதற்கு நேராகத் தானே அடித்தாள்: வருகை எடுக்க வேண்டாம்.

"இது போதுமா மிஸ்?"

"போதும்மா" என்றார் மிஸ்.

மிஸ் சொல்லச் சொல்ல, கொசு டெம்ப்ளேட்டில் நிபந்தனையை எழுதினாள். அந்தக் குறிப்பு இருந்தால் வருகை வரியைக் காட்டாதே. இல்லாவிட்டால் வழக்கம்போலக் காட்டு. சேமித்தாள்.

"மிஸ்! என் பக்கம் போச்சு!"

"எனக்கும் போச்சு மிஸ்!"

"கொசு, இப்ப எல்லாரையும் அடிச்சுட்டியே!"

மிஸ் எட்டிப் பார்த்தார். "நிபந்தனையை ஆரம்பிச்ச, எங்க முடியுதுன்னு சொல்லல. அது கடைசி வரைக்கும் தேடிட்டே போகுது."

கொசு முடிவு வரியைச் சேர்த்தாள். எல்லாப் பக்கங்களும் உயிர் பெற்றன. அவளுடையதும் திறந்தது. பெஞ்ச் கூட்டாளி: பென்சில்.

அடுத்து பென்சில் பக்கத்தைத் திறந்தாள். கழுத்து தாளுக்குள் அடங்காமல் மடங்கிப் போன ஒட்டகச்சிவிங்கி வந்தது. பிடித்த நிறம் ஊதா. பெஞ்ச் கூட்டாளி: கொசு. சிவப்பு எழுத்து எங்கும் இல்லை. கொசுவுக்குக் கண் நிறைந்து திரை மங்கியது. இந்த முறை யாரும் கேலி செய்யவில்லை.

கொசு ஆபீஸுக்கு ஓடிப்போய்ச் சொன்னதும் அண்ணாவே பென்சிலின் அம்மாவுக்குப் போன் போட்டார். "நீயே பேசும்மா" என்று கொசுவிடம் கொடுத்துவிட்டார்.

"ஆன்ட்டி, நான் கொசு பேசறேன். பக்கத்தைத் திறந்து பாருங்க."

மறுமுனையில் ஆன்ட்டி பக்கத்தைத் திறந்தார்.

"படம் வந்துடுச்சு. வரலைன்னு போடலையேம்மா?"

"போடாது ஆன்ட்டி. இனிமே கேக்கவே கேக்காது."

"நீயா செஞ்ச?"

"ஆமா. மிஸ் சொல்லிக் கொடுத்தாங்க."

பிறகு ஆன்ட்டி சொன்னார்: "அவ பையை இன்னிக்குத்தான் திறந்தேன். உள்ள மூணு ரப்பர் இருக்கு. அவளோடது எப்பவோ தொலைஞ்சு போச்சே. எல்லாம் உன்னோடதாம்மா?"

"ரெண்டுதான் என்னோடது ஆன்ட்டி. பச்சையா பெரிசா இருக்கறது கணக்கு மிஸ்ஸோடது. இன்னும் தேடிட்டிருக்காங்க."

ஆன்ட்டி சிரித்துவிட்டார். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. கொசுவும் அழுதாள். இருவரில் ஒருவரும் போனை வைக்கவில்லை.

"சாயங்காலம் வீட்டுக்கு வர்றியா?" என்று கேட்டார் ஆன்ட்டி.

"வர்றேன். ஆனா என் ரப்பரை நீங்களே வெச்சுக்கோங்க. கணக்கு மிஸ்ஸோடதை மட்டும் கொடுங்க, திட்டு வாங்காம நான் கொடுத்துடறேன்."

அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. ஆபீஸ் அண்ணா ஒரு நாற்காலியை இழுத்து கொசுவின் பக்கத்தில் போட்டார். அவள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள்.