ஐம்பதோடு நிற்காத தோல்

“கன்னுக்குட்டி ரெத்தத்தத் தொட்ட கையோட என் அடுக்களையில கேறுதியாட்டீ? இது சைவக் குடும்பமா, கசாப்புக் கடையா?”

ஆவுடைத்தாய் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுத் தங்கபாய் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு, முறத்தோடு வாசலுக்கே வந்துவிட்டாள். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில், ஒரு வீட்டுச் சண்டை மற்ற வீடுகளுக்குக் காலைப் பலகாரம் மாதிரி.

“சீசாவுல அடைச்சு வாறது அத்தே. நானா அறுக்கேன்?” என்றாள் மருமகள் மங்கலம்.

“அறுத்தா என்ன, அள்ளுனா என்ன? அந்த வேல வேணும்னா இந்த வீடு வேண்டாம். ரெண்டுல ஒண்ணு இப்பப் பறையணும்.”

“அம்மா, பதுக்கப் பேசு. தெரு கேக்கு” என்றான் நயினார். பெருமை பேசுவதாக நினைத்து, பெண்டாட்டியின் ஆபீஸ் சங்கதியை அம்மாவிடம் உளறியதே அவன்தான். இப்போது இரும்புக்கடைக்கு நேரமாகிவிட்டதென்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

மங்கலத்துக்கு இருபத்தாறு வயது. இன்னும் மூன்று மாதம் ஓட்டினால் வேலை நிரந்தரம். அதை விடுவதாவது! சூடத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். “இனிமே கன்னுக்குட்டி ரெத்தத்தத் தொடமாட்டேன். முருகன் மேல சத்தியம்.”

எழுபத்தொன்பதாம் வருஷத்து இடவப்பாதிப் பருவமழை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

அவள் வேலை பார்த்த ஆராய்ச்சிக் கூடத்தில், மனிதத் தோலுக்கு ஏன் வயதாகிறது என்று டாக்டர் நாகேஸ்வரன் பார்த்துக்கொண்டிருந்தார். மிளகளவு தோலை வெட்டி, தட்டையான கண்ணாடி பாட்டிலில் இளஞ்சிவப்புத் திரவத்தில் போட்டால், தோலின் செல்கள் கண்ணாடியின் அடியில் ஒட்டிக்கொண்டு பெருகும். பாட்டில் நிறைந்ததும் இரண்டு பாட்டிலாகப் பிரிப்பார்கள். அப்படி ஐம்பது தடவை. அதற்கு மேல் செல்கள் சாகாமல், பெருகாமல், உப்பிப்போய் உட்கார்ந்துவிடும். “இளசா இருக்கும்போது தோலுக்குள்ள நூல் நூத்துக்கிட்டே இருக்கும் மங்கலம். ஓய்ஞ்சுட்டா நூல் தொய்ஞ்சுரும். அதான் சுருக்கம்” என்பார் டாக்டர். அவருக்கு இளம் தோல் தேவைப்பட்டபோது, மங்கலமே தன் மேற்கையின் உட்புறத்தைக் காட்டினாள். அந்தத் தோல் நாற்பத்தெட்டாவது தடவையில் இருந்தது. பொறுப்பை அவளிடம் விட்டுவிட்டு டாக்டர் இரண்டு மாதம் பம்பாய்க்குப் போயிருந்தார்.

செல்களுக்குத் தீனி, கன்றின் ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் சீரம். அதைத் தொடாமல் எப்படி வளர்ப்பது? மங்கலம் கெட்டிக்காரி. ஒரு நாடாவைப் பல்லால் கடித்து இழுத்து முழங்கைக்கு மேல் கட்டினாள். ஊசியைத் தானே குத்திக்கொண்டாள். தன் ரத்தத்தை உறையவைத்துத் தெளிந்ததை ஊற்றினாள். சத்தியமும் பிழைத்தது, வேலையும் பிழைத்தது.

ஐம்பதாவது தடவையும் நிறைந்தது. நிற்க வேண்டிய தோல் நிற்கவில்லை. மறுநாளே ஐம்பத்தொன்று.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான். பிறகு, ஓடு வேய்ந்த கூரையில் மழை ஓயாமல் அரைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சூடு குறையாமல் பாட்டில்களைக் காக்கும் அலமாரியைத் திறந்தபோது, மருந்து நெடிக்குப் பதிலாக, மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலை விலக்கினால் பிடரியில் எழுமே, அந்த வாசனை, அவளுடைய சொந்த வாசனை, வெதுவெதுப்பாக முகத்தில் வந்து மோதியது. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கண்ணுக்கே தெரியக்கூடாத செல்கள், மாநிறத்தில், சுழி சுழியாக, பாலாடைபோல் படிந்திருந்தன. இரண்டு பாட்டில் நாலாயிற்று, நாலு பத்தாயிற்று. வாரம் ஒரு தடவை எடுத்த ரத்தம் நாளுக்கு ஒரு தடவை ஆயிற்று.

கையில்தான் முதலில் தெரிந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டால், கிள்ளியபடியே நின்றது.

“என்னட்டீ, எனக்கு முன்ன நீ கிழடு தட்டிருவ போலுக்கே” என்று ஆவுடைத்தாய் சிரித்தாள். அடுத்த வாரம் அவள் சிரிக்கவில்லை. மருமகள் பரிமாறும்போது இலையை மட்டும் பார்த்தாள். நயினார் பாயை அம்மாவின் அறைக்கு மாற்றிக்கொண்டான், முதுகுவலியாம். தம்பானூர் பஸ்ஸில் ஒரு காலேஜ் பெண் சட்டென்று எழுந்து இடம் விட்டு, “அம்மச்சி, இவிட இரிக்கூ” என்றாள். எந்த அம்மச்சி என்று மங்கலம் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நேரே கூடத்துக்குப் போனாள். சத்தியமாவது மண்ணாவது. கன்றின் சீரத்தை ஊற்றிவிட வேண்டியது, தன் ரத்தத்தை நிறுத்திவிட வேண்டியது. அவ்வளவுதானே? கட்டிடத்தில் ஓர் ஆள் இல்லை. அலமாரியின் முனகல். கூரையில் மழை. மூடியைத் திறந்து முதல் சொட்டை விட்டாள்.

தோல் நகர்ந்தது.

கண்ணாடியை விட்டு ஓரம் ஓரமாக உரிந்தது. சுருண்டது. மூலையில் போய் ஒடுங்கியது. ஆகாத சோற்றைக் கண்டு முகம் திருப்பிக்கொள்வதுபோல.

அடுத்த பாட்டில். அதுவும். அதற்கடுத்தது. எல்லாம்.

அவளுக்குப் புரிந்தது. சத்தியம் பண்ணியது அவள். அதைக் காப்பாற்றுவது இந்தத் தோல். அப்படியானால் இது யார்?

முழங்கையின் மடிப்பில் இழுத்தது. உள்ளிருந்து. பசித்த பிள்ளை மார்பில் இழுப்பதுபோல. வலி இல்லை. இழுப்பு மட்டும். கன்னம் தொய்ந்தது. கண்ணிமை தொய்ந்தது. அலமாரிக் கதவின் கண்ணாடியில் அவள் பார்த்துக்கொண்டே இருக்க.

“தாறேன்” என்றாள். “தாறேன், பொறு.”

ஊசியை எடுத்தாள்.

பம்பாயிலிருந்து திரும்பிய டாக்டர் நோட்டைப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு. பெரிய மனிதர் எண்ணைத்தான் பார்த்தார். எழுதிய கையைப் பார்க்கவில்லை. வேலை நிரந்தரமாயிற்று. மங்கலம் கூடத்தின் பின்கட்டு அறைக்கே குடிவந்துவிட்டாள். கூட வேலை பார்த்த அம்மிணி, கொல்லத்தில் ஒரு பஸ் கண்டக்டரைக் கல்யாணம் செய்துகொண்டு, சம்பளத்தைக்கூட வாங்காமல் ஓடினாள். நயினார் அனுப்பிய விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வந்த வக்கீல் குமாஸ்தா, “பாட்டியம்மா, மங்கலத்தக் கொஞ்சம் கூப்பிடுங்க” என்றார்.

ஆவணியில் நயினாருக்குக் களக்காட்டில் பெண் எடுத்தார்கள்; பொன்னம்மை, பத்தொன்பது வயது. ஆவுடைத்தாய் வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு அங்கேயே போய்விட்டாள். நல்ல சேதியென்றால் சொல்லாமல் இருக்க முடியாத தங்கபாய், கல்யாண லட்டோடு கூடத்துக்கு வந்தாள். வாசலிலேயே பொட்டலத்தை வைத்துவிட்டு, சேதியையும் சொல்லிவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பினாள். தங்கபாயே எட்டிப்பார்க்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மங்கலம் லட்டைத் தொடவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய் அலமாரியைத் திறந்தாள். நாற்பது பாட்டில். நாற்பதிலும் ஒரு சுருக்கம் இல்லாத மாநிறத் தோல்.

“அவாளுக்குக் கல்யாணம் ஆயிட்டாம்” என்றாள்.

நாற்பது பாட்டிலிலும், பொடிப் பொடியாகப் புல்லரித்து, ஒவ்வொரு மயிராக எழுந்து நின்றது.