ஓடையின் குறுக்கே ஒரு சேஸிஸ்

“திறந்த கேட்டை மூடணும்னு உங்க ஊர்ல யாரும் சொல்லித் தரலையா?”

குரல் பின்னாலிருந்து வந்தது. வறண்ட ஓடைக்குள் மண்டியிட்டிருந்த ரோரி ஹாக்கெட் சட்டென்று நிமிர்ந்தான். நெற்றி இரும்பில் இடித்தது.

கரையில் ஒரு பெண். பழைய மோட்டார் சைக்கிள். பின்சீட்டில் ஒரு நாய். தொப்பி நிழலுக்குள் இரண்டு கண்கள்... மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல் நிறம். பர்ரா ஊருக்கு வடக்கே, இந்த வறண்ட பண்ணை நிலத்தில், அந்த நிறத்துக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள்.

“நாப்பது ஆடு ரோட்டுல நின்னுச்சு. நானும் என் நாய் பிஸ்கட்டும்தான் ஓட்டிட்டு வந்தோம். பிஸ்கட் உங்களை மன்னிச்சிடுவான். நான் யோசிக்கணும்.”

“தப்புதாங்க. போற வழியில இது கண்ணுல பட்டுது... அப்புறம் கேட் ஞாபகமே வரலை.”

அவன் காட்டியது ஒரு காரின் சேஸிஸ். சக்கரமில்லை, என்ஜினில்லை. இரண்டு நீண்ட இரும்புகள், நடுவே குறுக்குச் சட்டங்கள். மேலே பலகை அடித்து, ஆடுகள் ஓடையைத் தாண்டுவதற்குப் பாலமாகப் போட்டிருந்தார்கள். அவள் அப்பா பிறப்பதற்கு முன்பே போட்டது.

“இதைப் பார்க்கவா? என் அழகைப் பார்க்க வந்தீங்கன்னு பிஸ்கட் நினைச்சிட்டான்.” அவள் வண்டியை விட்டு இறங்கினாள். “ஐரிஸ் பாஸ்கோ.”

“ரோரி. பழைய காருக்கு விலை மதிக்கிறது என் வேலை. வாங்கி விக்கிறதும் உண்டு.”

“அப்போ இதுக்கும் ஒரு விலை சொல்லுங்க. தண்ணி பம்பு செத்துப்போச்சு. அதுக்கு ஆச்சுன்னா போதும்.”

அவன் மறுபடி குனிந்தான். இரும்பை முனை முதல் முனை வரை தட்டிக்கொண்டே போனான். வறட்சி அதைக் காப்பாற்றியிருந்தது. துரு மேல்தோலோடு நின்றுவிட்டது. முறுக்கல் இல்லை. வெட்டி ஒட்டிய தடமும் இல்லை. முன்முனையைக் கட்டைவிரலால் தேய்த்தான்... இரண்டு எழுத்துகள். ஓர் எண்.

நூறு வருடத்துக்கு முன் கப்பலில் வந்த வாக்ஸ்ஹால் கார். என்ஜினைத் தேடிப் பிடிக்கலாம், மேல்கூட்டைப் புதிதாகச் செய்துகொள்ளலாம். இந்த எண் பொறித்த சேஸிஸ் இல்லாவிட்டால் எல்லாம் நகல்தான். இதன் விலைக்கு இவள் பண்ணையில் பாதியை வாங்கலாம்.

வாங்குகிறவன் எண்ணை வாய்விட்டுச் சொல்வதில்லை. அது அவன் தொழிலின் பழக்கம். கட்டைவிரல் எச்சிலைத் தொட்டு, மண்ணைக் குழைத்து, எண்ணின் மேல் பூசியது.

“வெறும் இரும்புதான். முந்நூறு டாலர் தரேன்.”

“முந்நூறா? போன வாரம் வந்தவன் அம்பதுன்னான். நீங்க நேர்மையான ஆளு. வாங்க, டீ குடிச்சிட்டுத்தான் போகணும்.”

சமையலறையில் இறைச்சி வைத்து மடித்த பாஸ்டி ஒன்றே ஒன்று இருந்தது. அவள் அதை வெட்டி, பெரிய துண்டை அவன் பக்கம் தள்ளினாள். அந்தக் கண்கள் அவனை நேராகப் பார்த்தன.

மனைவி டெஸ் இறந்து இரண்டு வருடம். அன்றிலிருந்து அவனுக்கு எதுவும் உறைத்ததில்லை. பசி, குளிர், அவளுடைய பிறந்தநாள்... எதுவும். இப்போது காதுமடல் எரிந்தது. பாஸ்டித் துண்டைத் தட்டிலேயே வைத்தான்.

“ஐரிஸ்... நான் சொன்னது பொய்.”

“எது?”

“விலை. முன்முனையில எண் இருக்கு. பார்த்துட்டு நான்தான் மண்ணைப் பூசினேன். யார்கிட்டயும் குடுத்துடாதீங்க. மெல்போர்ன்ல ஏலத்துக்கு விடுங்க. ஒரு பம்பு என்ன, பத்து பம்பு வாங்கலாம்.”

அவள் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“பெரிய துண்டை உங்களுக்கு வெட்டினேனே... அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“சரி. வழி தெரியும்ல? இந்தத் தடவையாவது கேட்டை மூடிட்டுப் போங்க.”

போகிற வழியில் ஓடையில் இறங்கினான். கைக்குட்டையால் எண்ணைத் துடைத்தான், ஒவ்வோர் எழுத்தும் தெரியும்வரை. பிறகு கேட்டைச் சாத்தினான். சங்கிலியை மாட்டினான். வண்டியில் ஏறாமல் அங்கேயே நின்றான். முதல் மழைத்துளி புறங்கையில் விழுந்தது... சில்லென்று. அந்தக் குளிர் அவனுக்குத் தெரிந்தது.

மழை பிடித்துக்கொண்ட பிறகு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஐரிஸ். முழுக்க நனைந்திருந்தாள்.

“எண்ணைத் துடைச்சு வச்சிருக்கீங்க.”

“பூசினது நான்தானே.”

“இன்னும் கிளம்பலையா?”

“கிளம்பணும்... முடியல. வெட்கமா இருக்கு. ரெண்டு விஷயத்துக்கு.”

“ஒண்ணு எனக்குத் தெரியும். இன்னொண்ணு?”

“என் மனைவி டெஸ் போய் ரெண்டு வருஷம். அப்புறம் நான் யார் முகத்தையும் சரியாப் பார்த்ததில்ல. இன்னைக்கு நெத்தி இடிச்சு நிமிர்ந்தேன்... உங்களைப் பார்த்தேன். பார்வையை எடுக்க முடியல. அவளுக்குத் துரோகம் பண்ற மாதிரி இருந்துது. ஆனா... உங்களைப் பிடிச்சிருக்கு, ஐரிஸ். அதைச் சொல்லாமப் போனா அதுவும் ஒரு பொய்.”

தொப்பி விளிம்பிலிருந்து நீர் சொட்டியது. பிஸ்கட் கேட்டுக்கு அடியில் மூக்கை நீட்டி அவன் பூட்ஸை முகர்ந்து பார்த்தான்.

“முதல் விஷயத்துக்கு நல்லா வெட்கப்படு,” என்றாள் அவள். ‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை. “ரெண்டாவதுக்கு வேண்டாம்.”

சங்கிலியை அவளே கழற்றினாள்.

ரோரி உள்ளே வந்தான். திரும்பி நின்று, கேட்டை மூடினான்.