நேச நாட்டுக்கு ஒரு பிணம்

“ஐயோ... ஐயய்யோ!”

அந்த அலறலில் வெளியுறவு அமைச்சகத்தின் மாடி முழுக்க ஸ்தம்பித்தது.

ஆலோசனை அறை வாசலில் கேன்டீன்கார அக்கா. அவள் காலடியில் டீ டிரே. கோப்பைகள் சில்லுச் சில்லாய்...

உள்ளே, நீளமான மேஜைக்கும் சுவரில் தொங்கிய வரைபடத்துக்கும் நடுவே மல்லாந்து கிடந்தார் வெளியுறவுச் செயலாளர்.

கண் திறந்திருந்தது. வாயும் திறந்திருந்தது. ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தப்பட்டவர் போல!

துணை கமிஷனர் வந்து சேர்ந்தபோது அக்கா இன்னும் வாசலிலேயே நின்றிருந்தாள்.

துணை கமிஷனரை டிபார்ட்மென்டே ‘ஊசி’ என்றுதான் சொல்லும். கேள்வி கேட்டால் குத்தும். கூடவே வந்த இன்ஸ்பெக்டருக்குப் பெயர் ‘கொட்டாவி’. காரணம் சொல்லத் தேவையில்லை.

அறைக்குள் நுழைந்த ஊசி அப்படியே நின்றாள்.

பிணத்தை விட உயிரோடு இருந்தவர்கள்தான் அவளைத் திடுக்கிட வைத்தார்கள்!

மேஜையின் தலைமாட்டில் ராணுவத் தளபதி. முழு அணிவகுப்பு உடுப்பு, மார்பு நிறையப் பதக்கம், கையில் வெள்ளைக் கையுறை. காலை நீட்டினால் பிணத்தின் ஷூவில் இடிக்கும்.

அந்த இடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்!

பக்கத்தில் வெளியுறவு மந்திரி. அவருக்கு அவருடைய சொந்த ஆபீஸே வைத்த பெயர் ‘தலையாட்டி’.

“ஹார்ட் அட்டாக்,” என்றார் ராணுவ டாக்டர். யாரும் கேட்காமலேயே.

“போலீஸுக்கு முன்னாடியே வந்துட்டீங்களே டாக்டர்... யார் கூப்பிட்டது?”

“தளபதிதான்.”

“நான்தாம்மா கூப்பிட்டேன்,” என்றார் தளபதி. “சத்தம் கேட்டுச்சு. பக்கத்து ரூம்ல இருந்தேன், ஓடி வந்தேன். ஆளு முடிஞ்சுட்டார். கொஞ்சம் சீக்கிரம் தூக்கிட்டுப் போங்க. பிரதமர் வந்துடுவார். மீட்டிங் இருக்கு.”

“இதே ரூம்லயா?”

“வேற ரூம்ல இவ்வளவு பெரிய மேப் இல்லையே!” என்றார் மந்திரி.

ஊசி மேப்பை ஒருமுறை பார்த்தாள்.

“என்ன மீட்டிங் சார்?”

“எதிரியோட சண்டை போட்டுக்கிட்டிருக்கற நம்ம நேச நாட்டுக்கு ரெண்டாவது தடவையா பீரங்கிக் குண்டு அனுப்பறோம். அதுக்கு ஒப்புதல்.”

“ஒப்புதல் கிடைச்சப்புறம்தானே அனுப்புவீங்க?”

மந்திரி தளபதியைப் பார்த்தார். தளபதி கோப்பையைக் கீழே வைத்தார்.

“கப்பல் காலையிலேயே கிளம்பிடுச்சு. பேண்டு வாசிச்சு, சல்யூட் அடிச்சு அனுப்பிட்டு நேரா வர்றேன்.”

“அப்ப மீட்டிங் எதுக்கு?”

“சம்பிரதாயம்!”

“அந்த நாட்டோட தளபதியும் நம்ம தளபதியும் ஒரே அகாடமி, ஒரே ரூம்,” என்று மந்திரி பெருமையாகச் சொன்னார். “வாக்குக் குடுத்துட்டார். சோல்ஜர் வாக்கு!”

“நாட்டுக்கு வெளியுறவுக் கொள்கைன்னு ஒண்ணு இருக்கறதா கேள்விப்பட்டேனே சார்?”

“இருக்கு. அதைத் தளபதிகிட்ட கேட்டுத்தான் நான் சொல்வேன்!”

கொட்டாவி விட வாயைத் திறந்த இன்ஸ்பெக்டர் அதை மூட மறந்தார்.

ஊசி பிணத்தருகே மண்டியிட்டாள். கண்ணின் வெள்ளையில் பொடிப்பொடியாய்ச் சிவப்புப் புள்ளிகள். உதட்டின் உட்புறம் கிழிந்திருந்தது. டார்ச் அடித்தாள். பல் இடுக்கில் என்னவோ பளிச்சென்றது. இடுக்கியால் மெல்ல இழுத்தாள்.

நூல். வெள்ளை நூல்!

சட்டென்று பிளாஸ்டிக் கவரில் போட்டு எழுந்தாள். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

“இன்ஸ்பெக்டர்... நான் ஒரு போன் பேசிட்டு வர்றேன். யாரும் வெளிய போகக் கூடாது.”

“தளபதியுமா மேடம்?”

“பதக்கத்துக்குத் தனி வாசல் இருக்கா என்ன?”

தாழ்வாரத்தின் கோடியில் நின்று செயலாளரின் வீட்டை அழைத்தாள். மனைவிக்கு விஷயம் தெரிந்திருந்தது. அழுது முடித்த குரல்.

“அவருக்கு ஹார்ட் பிரச்சினை இருந்துச்சாங்க?”

“மாடிப்படி தாவி ஏறுவார். ஒரு மாத்திரை கிடையாது. என்னம்மா கேக்கறே... அவரை யாராவது...?”

“இன்னும் தெரியலைங்க. காலையில எப்படி இருந்தார்?”



“எங்க பொண்ணு அந்தச் சண்டை நடக்கற ஊர்ல டாக்டரா இருக்கா. நேச நாட்டோட எதிரி நாட்டு ஊர்தான். ஆனா அடிபட்ட பிள்ளைங்களுக்கு நாடு ஏதும்மா? வாரக்கணக்கா பேச்சே இல்லை. டவரெல்லாம் விழுந்து கிடந்துச்சு. இன்னிக்குக் காலையில அவர் கிளம்பறப்பத்தான் லைன் கிடைச்சது.”

“என்ன சொன்னாங்க?”

“ஒரு குழந்தை முதுகுலேர்ந்து குண்டுச் சில்லு எடுத்தாளாம். கழுவிப் பார்த்தா... நம்ம தொழிற்சாலை முத்திரை. ‘அப்பா, இது நம்மளுது’ன்னா. ‘நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பினது’ன்னு சொல்லிட்டு அழுதா. போனை வெச்சப்புறம் அவரால ஷூ லேஸைக் கட்டவே முடியலை. நான்தான் கட்டி விட்டேன்.”

ஊசி கண்ணை மூடிக்கொண்டாள்.

“‘இன்னிக்கு வேண்டாம்னு சொல்லப் போறேன். முதல்ல தளபதி முகத்துக்கு நேரா சொல்லணும்’னார். வேற யார்கிட்டயும் மூச்சு விடலை, டிரைவர்கிட்ட கூட. சொல்லிட்டாராம்மா?”

“சொல்லிட்டார்னுதான் நினைக்கறேன்.”

ஆலோசனை அறைக்குத் திரும்பினாள் ஊசி. பிணத்தின் மேல் இப்போது மேஜை விரிப்பு கிடந்தது. மந்திரி தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். போட்டோகிராபர் வருவானாம்!

“தளபதி சார்... செயலாளரை இன்னிக்குக் காலையில பார்த்தீங்களா?”

“இல்லைன்னேனே! பிணமாத்தான் பார்த்தேன்.”

“அவருக்குக் குண்டு அனுப்பறதுல இஷ்டம்தானே?”

“போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தார். அப்புறம் பாசம் புத்தியை மறைச்சிடுச்சு. மக போன் பண்ணி அழுதான்னு ஒரு நாடு தன் நண்பனைக் கைவிட முடியுமா? போர்னா நாலு குழந்தைக்கு அடிபடத்தான் செய்யும்!”



ஊசி மெதுவாகக் கேட்டாள். “மக போன் பண்ணினது உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?”

“அவர்தான் சொன்னார்.”

“எப்ப?”

“போன... போன வாரம்.”

“போன வாரம் அந்த ஊர்ல போனே கிடையாது. இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு. வீட்டுலேர்ந்து அவர் நேரா இங்கதான் வந்தார்... பிணமா பார்த்த ஆள்கிட்டயா கதை கேட்டீங்க?”

தளபதியின் கழுத்து நரம்பு புடைத்தது.

“எங்க ஆளுங்க போனை ஒட்டுக் கேட்டிருப்பாங்க! ராணுவ ரகசியம். உனக்குச் சொல்லணும்னு அவசியமில்லை!”

“சரி சார், விட்டுடறேன். கையுறையை மட்டும் கழட்டுங்க.”

“என்ன?”

“டீ குடிக்கறப்பக் கூடக் கழட்டலையே... அவ்வளவு குளிரா?”

தளபதி எழுந்தார். இடது கை தன்னையறியாமல் வலது கையைப் பொத்தியது. கொட்டாவி நகர்ந்து வாசலை அடைத்துக்கொண்டார். தூங்குமூஞ்சி இப்போது விழித்திருந்தது!

“நான் யார் தெரியுமா?”

“தெரியும். அதனாலதான் ‘கழட்டுங்க சார்’னு மரியாதையா கேக்கறேன்.”

நீண்ட இழுபறிக்குப் பின் வெள்ளை உறை உருவப்பட்டது.

உள்ளங்கையின் சதையில் அரைவட்டமாய்... பல் பதிந்த காயம்! சுற்றிலும் கன்றிப்போயிருந்தது.

கேன்டீன் அக்கா வாசலிலிருந்தே காறித் துப்பினாள். யாரும் அவளை அதட்டவில்லை.

“கப்பலைத் திருப்புன்னான்!” தளபதி வெடித்தார். “என் நண்பனுக்கு நான் குடுத்த வாக்கு! ஒரு குமாஸ்தா... சண்டைன்னா என்னன்னே தெரியாதவன்... பிரதமர் முன்னாடி என்னைத் தலைகுனிய வைப்பேன்னான். கத்தினான். வாயைத்தான் பொத்தினேன்...”

“மூக்கையும் சேர்த்து,” என்றாள் ஊசி. “மூச்சு நிக்கற வரைக்கும்.”

தளபதியின் கையில் விலங்கு மாட்டப்பட்டது. டாக்டர் தானாகவே ஒரு மூலைக்குப் போய் நின்றுகொண்டார். அவர் முறை அடுத்து வரும் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

“என்னை என்ன வேணா பண்ணுங்க,” தளபதி நிமிர்ந்தார். “கப்பல் போய்ச் சேரும். என் நண்பன் ஜெயிப்பான். சரித்திரம் என் பக்கம்!”

மந்திரியின் போன் அலறியது.

எடுத்தார். கேட்டார். நிறமே மாறியது.

“என்ன சார்?” என்றாள் ஊசி.

“நேச நாட்டுல... ராணுவம் ஆட்சியைப் பிடிச்சிடுச்சாம். நம்ம தளபதியோட நண்பர்தான் இப்ப அதிபர்.”

“பார்த்தியா!” தளபதி சிரித்தார்.

“வந்ததும் முதல் வேலையா எதிரி நாட்டோட சமாதானம். ரெண்டு பேரும் கூட்டணியாம்! நாம அனுப்பின கப்பல் இப்ப எதிரி துறைமுகத்துக்குத் திரும்பிடுச்சாம். மாலுமிங்க நேச நாட்டு ஆளுங்களாச்சே... நாம கூப்பிட்டா வரமாட்டாங்க. கூட்டறிக்கை விட்டிருக்காங்க. ரெண்டு நாட்டுக்கும் இனிமே ஒரே எதிரி...”

“யாராம்?”

“நாமதான்!”

தளபதியின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து போயிற்று.

மந்திரி விருட்டென்று நாற்காலியைத் தளபதியிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார். “நான் அப்பவே சொன்னேன்... குண்டு அனுப்ப வேண்டாம்னு!”

தளபதி பொத்தென்று உட்கார்ந்தார். “நாம குடுத்த குண்டு... அத்தனையும்...”

ஊசி விரிப்புக்கடியில் கிடந்தவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு தளபதியின் காதருகே குனிந்தாள்.

“கவலைப்படாதீங்க சார்... அத்தனையும் பத்திரமா நம்ம வீட்டுக்கே திரும்பி வந்துடும். என்ன... இந்தத் தடவை மேலேர்ந்து வரும்!”